பேட்டரியும் காஸ் சிலிண்டரும்

பேட்டரி ஸ்வாப்பிங் என்று பேச்சை எடுத்தாலே அடுத்த வாக்கியத்தில் பெட்ரோல் பங்க் வந்துவிடும். பங்க்கில் போய் நிற்கிற மாதிரி நிற்க வேண்டியது, காலியான பேட்டரியைக் கழட்டிக் கொடுத்துவிட்டு நிரம்பியதை மாட்டிக்கொள்ள வேண்டியது, ரெண்டு நிமிஷத்தில் கிளம்ப வேண்டியது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இந்த உவமை நம்மைத் தப்பான இடத்தில் கொண்டுபோய் விடுகிறது என்பது என் எண்ணம். நிதி ஆயோக் 2022 ஏப்ரலில் வெளியிட்ட பேட்டரி மாற்றுக் கொள்கை வரைவை முன்வைத்து அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் வரைவின் கதைச் சுருக்கம். 2022 பிப்ரவரி 1 பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ஓர் அறிவிப்பு செய்தார். நகரங்களில் சார்ஜிங் நிலையங்களைப் பெரிய அளவில் அமைக்க இடம் போதாது, அதனால் பேட்டரி மாற்றுக் கொள்கை கொண்டுவரப்படும், பேட்டரிகள் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருந்துவதற்கான தரங்களும் வகுக்கப்படும் என்பது சாரம். சில மாதங்களிலேயே நிதி ஆயோக் வரைவைக் கொண்டுவந்து, ஜூன் 5 வரை கருத்துக் கேட்டது. டூவீலருக்கும் த்ரீவீலருக்கும்தான் அதில் முக்கியத்துவம். முதல் கட்டத்தில் 40 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள பெருநகரங்கள் (சென்னை இதில் வரும்). இரண்டாம் கட்டத்தில் மாநிலத் தலைநகரங்களும் 5 லட்சத்துக்கு மேற்பட்ட நகரங்களும். ஒவ்வொரு பேட்டரிக்கும் நமக்கு ஆதார் எண் இருக்கிற மாதிரி ஒரு தனி அடையாள எண். வண்டியோடு சேர்த்து வாங்கினால் 5 சதவீதம், பேட்டரியை மட்டும் தனியாக வாங்கினால் 18 சதவீதம் என்றிருந்த ஜிஎஸ்டி வித்தியாசத்தைக் குறைக்க ஒரு பரிந்துரை.

இது பழைய வரைவுதானே, இப்போ எதுக்கு என்று கேட்கலாம். அதன் பிறகு மின்துறை அமைச்சகம் 2025 ஜனவரியில் பேட்டரி மாற்று நிலையங்களுக்கென வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. அது நிலையம் அமைக்க வருபவரை நோக்கியது. ஆனால் ஸ்வாப்பிங் எதற்காக, யாருக்காக என்ற சிந்தனையை ஒரே இடத்தில் விரித்து எழுதியது அந்த 2022 வரைவுதான். இன்றைக்கும் கூட்டங்களிலும் பேட்டிகளிலும் கேட்கிற வாதங்களின் வேர் அதில் இருக்கிறது.

வரைவின் அடிப்படை எண்ணத்தோடு எனக்குச் சண்டை இல்லை. மின் வாகனத்தின் விலையில் பெரிய பங்கு பேட்டரிதான். அதை வண்டியிலிருந்து பிரித்துவிட்டால் வண்டியின் விலை சட்டென்று இறங்கும். பேட்டரியை ஒரு கம்பெனி வாங்கி வைத்துக்கொண்டு, ஓடுகிற அளவுக்கு வாடகை வாங்கிக்கொள்ளலாம். சென்னை ஐஐடி பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா இதைப் பல வருஷங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பேட்டரி இல்லாமலே வண்டியை விற்கலாம், பதிவும் செய்யலாம் என்று சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020 ஆகஸ்டில் வழிவிட்டது. இதெல்லாம் சரியான திசையில் வைத்த அடிகள்.

என் கேள்வி இதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது. யாருக்கு ஸ்வாப்பிங் தேவை? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

ஆபீஸ் போய் வருகிறவரின் ஸ்கூட்டர் ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மின் ஸ்கூட்டர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 30 வாட் மணி சாப்பிடும். ஆக ஒரு நாளைக்கு 0.9 யூனிட். மிக்ஸி போடுகிற சாதாரண 5 ஆம்ப் பிளக்கிலேயே ஒன்றரை மணி நேரத்தில் இது ஏறிவிடும். அந்த ஸ்கூட்டர் ராத்திரி பத்து மணி நேரம் சும்மா நிற்கிறது. அதற்கு இரண்டு நிமிஷ ஸ்வாப்பிங்கால் மிச்சமாகிற நேரம் எவ்வளவு? பூஜ்யம். சொல்லப்போனால் நிலையத்துக்குப் போய் வருகிற நேரம் நஷ்டம்.

இப்போ ஒரு இ-ஆட்டோவை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 65 வாட் மணி என்றால் 7.8 யூனிட் வேண்டும். நடுவில் நிறுத்தாமல் ஓட்ட 9 யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரி தேவை. அதுவே ஸ்வாப்பிங் என்றால் 3 யூனிட் பேட்டரி போதும். ஒரு தடவைக்கு 40 கிலோமீட்டர், நகர நெரிசலில் சுமார் மூன்று மணி நேரம். கழட்டிய பேட்டரி சார்ஜ் ஆக இரண்டு மணி நேரம். அப்படியானால் மூன்று ஆட்டோவுக்கு வண்டியில் மூன்று செட், நிலையத்தில் இரண்டு செட் இருந்தால் ஓடும். மொத்தம் 15 யூனிட். கூட்ட நேரத்துக்காக ஒரு செட் கூடுதலாக வைத்தாலும் 18 தான். பேட்டரியை வண்டியிலேயே வைத்துக் கட்டினால் 9 பெருக்கல் 3, அதாவது 27 யூனிட். ஆட்டோவுக்கு ஸ்வாப்பிங்கில் போட வேண்டிய முதல் குறைகிறது, டிரைவருக்கு மதியம் சவாரி விட்டுப்போவதில்லை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. லித்தியம் பேட்டரி இரண்டு விதமாகத் தேயும். ஏற்றி இறக்குவதால் ஒரு தேய்மானம். சும்மா வைத்திருந்தாலும் வயசாவதால் ஒரு தேய்மானம்; முழுசாக நிரப்பி வெயிலில் வைத்தால் இது இன்னும் வேகம். ஆட்டோவின் பேட்டரி முதல் வகையில் தேய்கிறது, அதாவது சம்பாதித்துக்கொண்டே தேய்கிறது. கம்மியான பேட்டரிகளை வைத்து ஓட்டினால் அவை சீக்கிரம் தேயும் என்பது உண்மைதான். ஆனால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பார்த்தால் பெரிய வித்தியாசம் வராது. சொந்த ஸ்கூட்டருக்கு ஸ்வாப்பிங் என்று வந்தால் கதை வேறு. வண்டியில் ஏற்கெனவே 3 யூனிட் அளவு பேட்டரிதான், அதைக் குறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. அதற்கு மேல் நிலையத்தில் உபரியாக அடுக்கி வைக்கிற பேட்டரிகள் இரண்டாவது வகையில், ஒரு பைசா சம்பாதிக்காமல் தேயும். அந்தச் செலவை மாத வாடகையில் யாரோ கட்டியாக வேண்டும்.

ஆகவே ஸ்வாப்பிங்குக்கு ஊரைத் தேர்ந்தெடுக்க மக்கள்தொகை சரியான அளவுகோல் இல்லை. ஒரு வண்டி ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, அது நிற்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் யாருக்கு எவ்வளவு வருமானம் போகிறது என்பதுதான் அளவுகோல். மதுரையில் நாள் பூரா ஓடுகிற ஷேர் ஆட்டோவுக்கு உள்ள தேவை, சென்னையில் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நிற்கிற ஸ்கூட்டருக்கு இல்லை. வரைவு டூவீலரையும் த்ரீவீலரையும் ஒரே மூச்சில் பேசுகிறது. உணவு டெலிவரி செய்கிறவரின் டூவீலரும், காலையில் போய் மாலையில் வருகிறவரின் டூவீலரும் பார்க்கத்தான் ஒன்று.

வரலாறும் இதைத்தான் சொல்கிறது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரத்து மின்சாரக் கம்பெனி 1910-களிலேயே இந்தத் தொழிலை நடத்தியது. லாரியைப் பேட்டரி இல்லாமல் வாங்கலாம். மாதம் ஒரு கட்டணம், ஓடிய மைலுக்கு ஒரு கட்டணம். வாடிக்கையாளர்கள் நாள் பூரா ஓடுகிற வணிக லாரிகள். நூறு வருஷம் கழித்து இஸ்ரேலில் பெட்டர் பிளேஸ் வந்தது. ஷாய் அகாசி எஸ்ஏபி மென்பொருள் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருந்தவர், நம்ம துறை ஆள். 2007-ல் தொடங்கி, சுமார் 85 கோடி டாலர் முதலீடு திரட்டி, காரின் அடியில் ரோபோ போய் பேட்டரியை மாற்றுகிற நிலையங்களைக் கட்டினார். அதில் பொருந்தியது ரெனோ ஃப்ளூயன்ஸ் என்ற ஒரே கார். வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதை ராத்திரி சார்ஜ் போட இடம் உள்ள சொந்தக் கார்க்காரர்கள். 2013 மே மாதம் கம்பெனி திவால். அதே 2013 ஜூனில் டெஸ்லா மேடையில் ஒன்றரை நிமிஷத்தில் பேட்டரியை மாற்றிக் காட்டி, கலிஃபோர்னியாவில் ஒரு நிலையத்தையும் திறந்து பார்த்தது. வாடிக்கையாளருக்கு ஆர்வம் இல்லை என்று கைவிட்டது.

தைவானின் கொகோரோவை எதிர்வாதமாகக் காட்டுவார்கள். நியாயம்தான். 2015-ல் ஸ்கூட்டரை இறக்கியது, இன்று 2,000-க்கும் மேற்பட்ட இடங்களில் அதன் மாற்று நிலையங்கள். பேட்டரி சின்னது, கையால் தூக்கி மாட்டலாம். யமஹா போன்ற கம்பெனிகளும் அதே பேட்டரிக்கு வண்டி செய்தன. ஆனால் கவனியுங்கள்: அங்கே பொருத்தம் வந்தது அரசாணையால் இல்லை. பேட்டரி, நிலையம், சர்வர் எல்லாம் ஒரே கம்பெனியுடையது. மற்றவர்கள் அதன் குடைக்குள் வந்தார்கள். அவ்வளவு நெருக்கமான ஊர்களில், அவ்வளவு ஸ்கூட்டர்களை வைத்துக்கொண்டும், 2024-லும் அந்தக் கம்பெனிக்கு நஷ்டக் கணக்குதான்.

சரி, இப்போ உவமைக்கு வருவோம். பெட்ரோலுக்கு வயசு கிடையாது. யார் பங்க்கில் போட்டாலும் ஒரு லிட்டர் ஒரு லிட்டர்தான். போட்டதும் அது என் சொத்து, எரிந்ததும் தீர்ந்தது. பேட்டரி அப்படி இல்லை. அது எரிபொருளை விட, எரிபொருளை வைக்கிற பாத்திரம். நான் கொடுத்துவிட்டு வந்த பாத்திரம் வேறு, எனக்குக் கிடைத்த பாத்திரம் வேறு. நம் வீட்டில் இதற்குப் பொருத்தமான பொருள் ஏற்கெனவே இருக்கிறது, சமையலறையில்: காஸ் சிலிண்டர்.

சிலிண்டரும் நம்முடையது இல்லை, டெபாசிட் கட்டி வைத்திருக்கிறோம். காலியைக் கொடுத்து நிரம்பியதை வாங்குகிறோம். அது நம்பகமாக நடப்பதற்குக் காரணம் சிலிண்டரின் மேலேயே எழுதியிருக்கிறது. காலி எடை இவ்வளவு என்று போட்டிருக்கும். அதோடு 14.2 கிலோ சேர்த்தால் வர வேண்டிய எடை. கொண்டுவருகிறவரிடம் எடை போட்டுக் காட்டச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. கைப்பிடியின் உள்பக்கம் பி-27 மாதிரி ஒரு குறி இருக்கும். 2027 ஏப்ரல் முதல் ஜூனுக்குள் இந்தச் சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டும் என்று அர்த்தம். பாத்திரத்தின் ஆரோக்கியம், உள்ளே இருக்கும் சரக்கின் அளவு, இரண்டையும் படிக்கத் தெரிந்த யாரும் வாசலில் வைத்தே பார்த்துக்கொள்ளலாம். பங்க்கிலும் 5 லிட்டர் அளவை வைத்திருக்க வேண்டும், சந்தேகம் வந்தால் அளந்து காட்டச் சொல்லலாம்.

வரைவில் எனக்கு இருக்கிற பெரிய குறை இதுதான். பங்க்கிலிருந்து வேகத்தை எடுத்துக்கொண்டார்கள், அளவையை விட்டுவிட்டார்கள். பேட்டரிக்கு அடையாள எண் உண்டு, உள்ளே வெப்பத்தைக் கண்காணிக்கிற மின்னணுச் சுற்று உண்டு, தரவுகளை நிறுவனங்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் போடுவது ஊக்குவிக்கப்படும் என்ற வரியும் உண்டு. ஊக்குவிப்பது வேறு, கவுன்ட்டரில் நிற்பவருக்கு உரிமை கொடுப்பது வேறு. ஒரு ஆட்டோ டிரைவர் ஒரு ஸ்வாப்புக்கு இவ்வளவு என்று காசு கொடுக்கிறார். அவருக்கு வருவது புதுப் பேட்டரியா, கொள்ளளவில் கால் பங்கு போன பேட்டரியா? திரையில் இரண்டுமே 100 சதவீதம் என்றுதான் காட்டும். நூறு சதவீதம் என்பது அந்தப் பேட்டரியால் இன்றைக்குத் தாங்க முடிந்ததில் நூறு. முதலாவது 40 கிலோமீட்டர் ஓடினால் இரண்டாவது 30 தான். அதே மாதிரி, அவர் திருப்பிக் கொடுக்கிற பேட்டரியில் 20 சதவீதம் மிச்சம் இருந்தால் அது யார் கணக்கு? எந்தச் சவாரியை எடுப்பது, எதை விடுவது என்று அந்த எண்ணைப் பார்த்துத்தான் அவர் முடிவு செய்கிறார். நடுவழியில் வண்டி நின்றால் போவது அவர் அன்றைய வருமானம்.

மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இது தொழில்நுட்பச் சிக்கலே இல்லை. எத்தனை யூனிட் வெளியே போனது, எத்தனை உள்ளே வந்தது என்று ஒவ்வொரு பேட்டரியின் சுற்றும் ஏற்கெனவே எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த எண்ணை ரசீதில் அச்சிடுவதா வேண்டாமா என்பது கொள்கை முடிவு.

அடுத்தது, மாற்றிப் பொருத்துவது. வரைவு இதைப் பெரிய லட்சியமாக வைக்கிறது. பெட்டியின் அளவும் இணைப்பியும் தகவல் நெறிமுறையும் ஒன்றாகிவிட்டால் எல்லாம் ஒன்றாகிவிடும் என்ற நம்பிக்கை தெரிகிறது. மறுபடியும் சிலிண்டரைப் பாருங்கள். இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றும் அரசுக் கம்பெனிகள். வீட்டுச் சிலிண்டர் மூன்றிலும் 14.2 கிலோதான். இருந்தும் இண்டேன் காலிச் சிலிண்டரைப் பாரத் காஸ் ஏஜென்சியில் கொடுத்து நிரம்பியதை வாங்க முடியாது. தடுப்பது வடிவம் இல்லை, கணக்கு. யாருடைய சிலிண்டர் யாரிடம் போனது, அதன் சோதனைச் செலவு யாருக்கு, டெபாசிட் யாரிடம் என்ற கணக்கு. மெதுவாகவே வயசாகிற இரும்புச் சிலிண்டருக்கே இந்த நிலை என்றால், தினமும் தேய்கிற பேட்டரிக்கு? நான் பணம் போட்டு வாங்கிய புதுப் பேட்டரி உங்கள் நிலையத்துக்கு வந்து, உங்கள் பழைய பேட்டரி என் நிலையத்துக்கு வந்தால், தேய்மான வித்தியாசத்தை யார் யாருக்குக் கட்டுவது? வங்கிகளுக்கு நடுவே தீர்வகம் இருக்கிற மாதிரி இதற்கும் ஒன்று வேண்டும். பெட்டியின் அளவை ஒன்றாக்குவதற்கு முன்னால் இந்தக் கணக்கை எழுத வேண்டும்.

இன்னொன்று பூட்டு. வாடகைக்கு விடுகிற பேட்டரியை யாரும் கழட்டி விற்றுவிடாமல் இருக்கப் பூட்டு வேண்டும், அதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பூட்டு வீட்டுப் பிளக்கையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறது. 2024 நவம்பரில் ஹோண்டா ஒரே நாளில் இரண்டு மின் ஸ்கூட்டர்களை அறிமுகம் செய்தது. ஆக்டிவா இ-யில் 1.5 யூனிட் பேட்டரி இரண்டு, ஸ்வாப் நிலையத்தில்தான் மாற்ற முடியும், வீட்டில் சார்ஜ் போட முடியாது. க்யூசி1-ல் 1.5 யூனிட் பேட்டரி ஒன்று, வண்டியோடு நிலையாக இருக்கும், பிளக்கில்தான் சார்ஜ் செய்ய வேண்டும். இரண்டு உலகங்கள், நடுவில் கதவு இல்லை. நிலையம் மூடினாலோ, கம்பெனி அந்த ஊரை விட்டுப் போனாலோ, முதல் வண்டிக்காரர் என்ன செய்வார்? அவசரத்துக்கு வீட்டிலும் சார்ஜ் போடலாம், யூனிட் கணக்கு மீட்டரில் ஏறட்டும் என்ற ஒரே ஒரு நிபந்தனையைக் கொள்கை வைத்திருக்கலாம்.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. வரைவு வருவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான், 2022 மார்ச்சில், வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டரில் தீப்பிடித்து ஒரு தகப்பனும் மகளும் உயிரிழந்தார்கள். அந்தக் கோடையின் தொடர் தீ விபத்துகளுக்குப் பிறகு பேட்டரிச் சோதனை விதியான ஏஐஎஸ் 156 கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலும் இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது. ஸ்வாப்பிங்குக்கு ஆதரவான ஆகச் சிறந்த வாதம் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தூங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏற வேண்டாம். காற்றோட்டமும் தீயணைப்பு வசதியும் உள்ள இடத்தில் ஏறட்டும். ஒற்றை அறை வீட்டில், வாசலில் வண்டி நிறுத்த இடம் இல்லாமல் உள்ளே ஏற்றி வைக்கிற குடும்பத்துக்கு இது வேகத்தை விடப் பெரிய விஷயம். இடப் பற்றாக்குறை என்று பட்ஜெட் உரை சொன்னதன் உண்மையான பொருளும் இந்தக் குடும்பத்திடம்தான் இருக்கிறது.

மற்றவர்களுக்குத் தேவை வண்டி நிற்கிற இடத்தில் ஒரு ஒழுங்கான பிளக். மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019 பிப்ரவரியில் மாதிரிக் கட்டட விதிகளைத் திருத்தி, வாகன நிறுத்தத்தில் 20 சதவீத அளவுக்கு சார்ஜிங் வசதி வேண்டும் என்றது. அது புதுக் கட்டடங்களுக்கு உதவும். ஏற்கெனவே கட்டி முடித்த அபார்ட்மென்ட்டில் எர்த்திங் ஒழுங்காக உள்ள ஒரு பாயின்ட்டும், யார் எவ்வளவு எடுத்தார் என்று காட்டும் சப் மீட்டரும் வைப்பதற்கு அசோசியேஷன் கூட்டத்தில் எவ்வளவு போராட வேண்டும் என்பது அதில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். இதற்கும் விடை ஏற்கெனவே இருக்கிறது. 3 கிலோவாட் வரை தருகிற, செல்போனால் இயக்குகிற எளிய ஏசி சார்ஜிங் பாயின்ட்டுக்கான இந்தியத் தரம் 2021-ல் உருவானது. 3,500 ரூபாய்க்குள் விற்க வேண்டும் என்பது அப்போது வைத்த இலக்கு. ஸ்வாப்பிங் நிலையத்தோடு ஒப்பிட்டால் கவர்ச்சி இல்லாத பொருள், ரிப்பன் வெட்டித் திறக்க முடியாது. ஆனால் தினமும் 0.9 யூனிட் மட்டும் வேண்டிய ஸ்கூட்டருக்கு அது போதும்.

ஆக, திருத்தி எழுதச் சொன்னால் நான் கேட்பது நான்கே விஷயம். ஸ்வாப்பிங்குக்கான சலுகையை ஊரின் மக்கள்தொகைக்குக் கொடுக்காமல் நாள் பூரா ஓடுகிற வண்டிகளுக்கும், பாதுகாப்பாகச் சார்ஜ் போட இடமே இல்லாத குடும்பங்களுக்கும் கொடுங்கள். கட்டணத்தை ஸ்வாப் கணக்கில் வாங்காமல், எடுத்துப்போன யூனிட்டிலிருந்து திருப்பித் தந்த யூனிட்டைக் கழித்து வாங்குங்கள். ஒவ்வொரு பேட்டரியின் இன்றைய கொள்ளளவையும் அடுத்த சோதனைத் தேதியையும் அதன் மேலேயோ ரசீதிலோ தெரியும்படி போடுங்கள். எடையளவுத் துறை பங்க்குக்கும் தராசுக்கும் முத்திரை வைக்கிற மாதிரி இந்த மீட்டருக்கும் வைக்கட்டும். இவை வந்த பிறகு, பெட்டி எல்லாருக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டுமா என்ற விவாதத்தைக் கம்பெனிகள் நிதானமாக நடத்திக்கொள்ளலாம்.